கோடை விடுமுறையில் கரையிலிருந்து தூண்டில்: கிருஷ்ணகிரி அணையா, நாகமரைக் கரையா?

பாலக்கோட்டுக்காரர்

அனைவருக்கும் வணக்கம். எனக்குச் சொந்த ஊர் பாலக்கோடு, வேலை பெங்களூரில். மே மாதப் பள்ளி விடுமுறையில் குடும்பத்தோடு ஊருக்கு வந்து தங்க இருக்கிறோம். மகனுக்கு 12 வயது, மகளுக்கு 9 வயது. இருவருக்கும் தூண்டில் போடக் கற்றுக்கொடுக்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. சின்னாற்று மடுக்களில் மூங்கில் குச்சியும் மண்புழுவும் வைத்துக்கொண்டு கெண்டைக்குஞ்சு பிடித்த பழக்கம் எனக்கு உண்டு. ஆனால் கண்ணுக்கு எட்டிய தூரம் தண்ணீர் விரிந்து கிடக்கும் இடத்தில், கரையிலிருந்தபடி எங்கே உட்காருவது, எவ்வளவு தூரம் வீசுவது என்பது எதுவும் தெரியாது.

பரிசலில் ஏறும் எண்ணம் இல்லை, கரையிலிருந்து மட்டும்தான். கிருஷ்ணகிரி அணைக்குப் போகலாமா, மேட்டூர் நீர்த்தேக்கத்தின் நம் தர்மபுரி மாவட்டக் கரையான நாகமரைப் பக்கம் போகலாமா என்று வீட்டில் பேச்சு ஓடிக்கொண்டிருக்கிறது. கோடையில் மீன் தீனி எடுக்குமா, எந்த நேரம் நல்லது, பிடித்த மீனைக் குழம்பு வைக்கலாமா, யாரிடமாவது அனுமதி வாங்க வேண்டுமா என்பதையெல்லாம் அறிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

ஓசூர்த் தூண்டில்

வணக்கம் நண்பரே. நெடுஞ்சாலையிலிருந்து எளிதாகப் போய்ச் சேரலாம் என்பதால் கிருஷ்ணகிரி அணையையே நான் சொல்வேன். தென்பெண்ணையின் குறுக்கே 1950-களில் கட்டிய அணை. முழு நீர்மட்டம் 52 அடி. பூங்காவும் மீன் வறுவல் கடைகளும் இருப்பதால் வீட்டுப் பெண்களுக்கும் பொழுது போகும். அணைச் சுவருக்கும் மதகுகளுக்கும் அருகில் போகாமல், நீர்ப்பிடிப்பின் ஓரமாக, ஆட்கள் குளிக்காத பகுதியில் உட்காருங்கள்.

விடியற்காலை 5:30 மணிக்கே தூண்டில் தண்ணீரில் இருக்க வேண்டும். அக்கினி நட்சத்திர வெயிலில் 9 மணிக்கு மேல் மீன் ஆழத்துக்குப் போய்விடும். பிறகு மாலை 5 மணிக்கு மேல்தான் கரைப்பக்கம் திரும்பும். கைக்கு அடக்கமான ஒரு ஸ்பின்னிங் ரீல், 0.30 மி.மீ. நைலான் நரம்பு, 6-ஆம் எண் தூண்டில் முள், சிறிய தக்கை, அதற்கேற்ற ஈயம் இருந்தால் போதும். இரையாக மைதாவும் கடலைப் புண்ணாக்குத் தூளும் சேர்த்துக் கெட்டியாகப் பிசைந்து கொள்ளுங்கள்.

நாகமரைக் கரை

பாலக்கோட்டு ஐயாவுக்கு வணக்கம். ஓசூர் நண்பர் சொன்ன கருவிகளில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கோடையில் இடத்தைத் தேர்வு செய்வது கடிகாரத்தைப் பார்த்து முடிகிற காரியம் இல்லை. நான் மேட்டூர் நீர்த்தேக்கத்தின் தர்மபுரிக் கரையிலேயே வளர்ந்தவன் என்பதால், அந்தக் கரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

1934-இல் கட்டி முடித்த மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி, கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஆண்டு முழுவதும் இந்த மட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும். தண்ணீர் நன்றாக இறங்கிவிட்ட ஆண்டுகளில் எங்களுக்கு எதிர்க்கரையான பண்ணவாடியில் நந்தி சிலையும் பழைய கிறித்தவக் கோயிலின் கோபுரங்களும் வெளியே தெரியும். அவற்றைப் பார்ப்பதற்கென்றே மக்கள் வருவார்கள். அத்தகைய ஆண்டில் எங்கள் பக்கத்துக் கரையும் வெகுதூரம் உள்ளே போயிருக்கும். முன்பு தண்ணீர் நின்ற நிலத்தில் கம்பும் சோளமும் விதைத்திருப்பார்கள். அந்த வயல்களைத் தாண்டி நடந்தால்தான் தண்ணீரைத் தொட முடியும். ஆகவே புறப்படுவதற்கு முந்தைய நாள் செய்தித்தாளில் மேட்டூர் நீர்மட்டம் எத்தனை அடி என்று பார்த்துவிட்டுக் கிளம்புங்கள்.

வந்து சேர்ந்ததும் பரந்து விரிந்த சமதளக் கரையில் உட்கார்ந்துவிடாதீர்கள். பார்க்க வசதியாகத் தெரியும். ஆனால் அங்கே நூறடி தூரம் வீசினாலும் முழங்கால் ஆழம்தான் இருக்கும், அதுவும் வெயிலில் கொதித்துக் கிடக்கும். கரைக்கு மேலே நிலம் எப்படிச் சரிகிறதோ, அநேகமாகத் தண்ணீருக்கு அடியிலும் அப்படியே சரிந்துகொண்டு போகும். பாறையும் சரளையுமாக, நிற்கும்போதே சாய்வாக உணர்கிற மேட்டுக் கரையைத் தேடுங்கள். அங்கே இருபது முப்பது அடி தள்ளி வீசினாலே ஆள் ஆழம் கிடைக்கும். பழைய ஓடை வந்து விழும் வாய்களும் அப்படிப்பட்டவை. மழைக்காலத்தில் தண்ணீர் அரித்த பள்ளம் நீர்த்தேக்கத்துக்குள்ளும் தொடர்வதால், வெயில் ஏறும் நேரத்தில் மீன் அந்தப் பள்ளத்தின் வழியாகவே ஆழத்துக்கும் கரைக்குமாகப் போய்வரும்.

பெண்ணாகரத்திலிருந்து ஏரியூர் வழியாக நாகமரைக்கு வரலாம். ஒட்டனூர்ப் பக்கமும் நல்ல சரிவுகள் உண்டு. படகுத் துறைக்கு நேராக மட்டும் உட்காராதீர்கள்; ஆட்கள் ஏறி இறங்கும் இடத்தில் முள்ளோடு நரம்பை வீசுவது ஆபத்து.

ஓசூர்த் தூண்டில்

நாகமரை நண்பர் சரிவைப் பற்றிச் சொன்னது மிகச் சரி. கிருஷ்ணகிரி அணைக்கும் அது பொருந்தும். ஆனால் விடியற்காலை என்பதை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். எந்த ஏரியை எடுத்துக்கொண்டாலும் சூரியன் எழும் நேரத்துக்கு இணையான நேரம் கிடையாது. மீன் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் கண்ணால் பார்க்கலாமே, தீனிக்கு அலைகிறது என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்?

உள்நாட்டு மீன்வளம்

மீன்வளம் படித்து, நன்னீர் மீன் வளர்ப்பில் வேலை செய்கிறவன் என்ற முறையில் ஓசூர் நண்பரின் இந்தக் கடைசி வாக்கியத்துக்கு மட்டும் மறுமொழி சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் கோடையில் நம் பகுதி நீர்நிலைகளைப் புரிந்துகொள்வதற்கான சாவி அதில்தான் இருக்கிறது.

தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரைந்திருக்கக் கூடிய ஆக்சிஜன் குறையும். 20 டிகிரி செல்சியஸில் ஒரு லிட்டர் தண்ணீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஆக்சிஜனைத் தாங்கும். 30 டிகிரியில் அது ஏழரை மில்லிகிராமுக்கு இறங்கிவிடுகிறது. இது தெளிந்த தண்ணீரின் கணக்கு. தென்பெண்ணையிலோ, மேலே நகரப் பகுதியிலிருந்து கழிவுகள் கலந்து வருவதும், ஓசூர் அருகே கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதும் ஊரறிந்த செய்தி. அந்தச் சத்துகளை உண்டு பாசி பெருகுவதால், தண்ணீர் குறைந்த மாதங்களில் கிருஷ்ணகிரி அணையின் நீர் பச்சையாகத் திரண்டு நிற்கும். மேட்டூர் நீர்த்தேக்கத்திலும் சில ஆண்டுகளில் பண்ணவாடி, கோட்டையூர்ப் பக்கம் பாசி படர்ந்து துர்நாற்றம் வீசியதாகப் புகார்கள் எழுந்ததுண்டு.

பாசி பகலில் வெயிலைக் கொண்டு ஆக்சிஜனை உண்டாக்கித் தண்ணீருக்குக் கொடுக்கிறது. இரவில் வெயில் இல்லாததால் அதுவும் மற்ற உயிர்களைப் போலவே ஆக்சிஜனை எடுத்துக்கொள்ள மட்டுமே செய்கிறது. பொழுது விடியும் வரை இப்படியே குறைந்துகொண்டு வருவதால், அடர்ந்த பச்சைத் தண்ணீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருப்பது விடிவதற்குச் சற்று முன்னால்தான். அந்த நேரத்தில் மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடினால், அவை தீனிக்காக வரவில்லை. மூச்சுக்காக மேற்பரப்பை ஒட்டி நிற்கின்றன. மூச்சுக்குத் திணறும் மீன் இரையைத் தொடாது. சூரியன் ஏறி, பாசி வேலையைத் தொடங்கி ஒன்றிரண்டு மணி நேரம் ஆன பிறகுதான் அவற்றுக்குத் தெம்பு வரும்.

ஆகவே, கரைக்குப் போனதும் தூண்டிலை அவிழ்ப்பதற்கு முன் தண்ணீரை ஒரு கண்ணாடி டம்ளரில் மொண்டு பாருங்கள். நிறமற்றோ இலேசான மண்நிறத்திலோ இருந்தால் ஓசூர் நண்பர் சொன்னபடி விடியலே சிறந்தது. டம்ளரிலேயே பச்சை தெரிந்தால் அவசரப்பட வேண்டாம். காலை 7:30 முதல் 10 மணி வரையிலும் மாலையிலும் போடுங்கள். மீன்கள் கூட்டமாகத் திணறிக்கொண்டிருந்தாலோ, ஒன்றிரண்டு செத்து மிதந்தாலோ அன்றைக்கு அங்கே பிடிக்கவே வேண்டாம்.

ஓசூர்த் தூண்டில்

விளக்கமாகச் சொன்னதற்கு நன்றி. தெளிந்த தண்ணீருக்கு விடியல் என்பது நிற்கிறது என்ற அளவில் உங்களோடு ஒத்துப்போகிறேன். அப்படியானால் காற்றையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும் அல்லவா? பாசியும் நுண்ணுயிர்களும் காற்று தள்ளும் பக்கம்தானே ஒதுங்கும்?

நாகமரைக் கரை

ஆம், காற்றைப் பார்க்காமல் எங்கள் கரையில் யாரும் உட்கார மாட்டார்கள். நாகமரையும் ஒட்டனூரும் நீர்த்தேக்கத்தின் கிழக்குக் கரையில் இருக்கின்றன. மே மாதக் கடைசியில் மேல்காற்று எழத் தொடங்கினால், மேற்பரப்பில் மிதக்கும் நுண்ணுயிர்கள், பூச்சி, சருகு எல்லாம் எங்கள் பக்கம் வந்து ஒதுங்கும். அதைத் தின்னச் சிறுமீன் வரும், கட்லாவும் வரும். அலை வந்து மோதிக் கரையோரம் இலேசாகக் கலங்கியிருக்கும் இடத்தில் மீன் அச்சமில்லாமல் கரைக்கு நெருங்கும். காற்று முகத்தில் அடிக்கும்போது வீசுவது கடினம் என்பதால் பலர் காற்றுக்கு முதுகு காட்டி உட்காருகிறார்கள். அலை அடிக்கும் கரையில் சற்றுக் கனமான ஈயம் கட்டிக் குறைந்த தூரம் போட்டாலே போதும்.

ஆனால் அதே காற்று பாசி ஏட்டையும் கொண்டுவந்து சேர்க்கும். பெயின்ட் கொட்டியதைப்போலக் கெட்டியாகப் பச்சை ஒதுங்கி நாறினால் அந்தக் குடாவை விட்டு அடுத்த முனைக்குப் போய்விடுங்கள். அந்தத் தண்ணீரில் குழந்தைகளைக் கை கழுவவும் விட வேண்டாம்.

பாலக்கோட்டுக்காரர்

மிக்க நன்றி. டம்ளரில் மொண்டு பார்ப்பது பிள்ளைகளுக்கே ஒரு பாடமாக இருக்கும். இரை பற்றி ஒரு கேள்வி. என் அம்மா ராகிக் களியை உருட்டித் தூண்டிலுக்குக் கொடுப்பார்கள். அது பெரிய நீர்நிலையில் பலிக்குமா? எந்த மீனுக்கு எந்த ஆழத்தில் போடுவது என்பதையும் சொல்லுங்கள்.

உள்நாட்டு மீன்வளம்

ராகிக் களி அருமையான இரை. தண்ணீரில் சீக்கிரம் கரையாது. முள்ளில் ஒட்டி நிற்கும். சுடச்சுடக் கிண்டிய களியை ஆறவிட்டு, சிறிது புண்ணாக்குத் தூள் தூவி மீண்டும் பிசைந்தால் மணமும் சேரும். சுண்டுவிரல் நுனி அளவுக்கு மேல் உருட்ட வேண்டாம்.

ஆழத்துக்கு மீனின் வாயே வழிகாட்டி. சந்தைக்குப் போனால் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். கட்லாவுக்குக் கீழ்த்தாடை முன்தள்ளி வாய் மேல்நோக்கித் திறந்திருக்கும். அது மேல்மட்டத்தில் மேய்கிற மீன். ரோகுவின் வாய் சற்றே கீழ்நோக்கியது, உதட்டோரம் நார்நாராக இருக்கும், இடைமட்டத்தில் மேயும். மிருகாலின் வாய் இன்னும் கீழே. அது தரையைத் துழாவி உண்ணும். ஆகவே தக்கைக்கும் முள்ளுக்கும் இடையிலான நீளத்தை மாற்றினாலே எதை நாடுகிறோம் என்பது மாறிவிடும். இரை தரையைத் தொட்டுக் கிடந்தால் மிருகாலும் கெளுத்தியும், நடுவில் தொங்கினால் ரோகு, மேலே நான்கைந்து அடியில் நின்றால் கட்லா.

குழந்தைகளின் முதல் தூண்டிலுக்கு இவை மூன்றும் வேண்டாம். ஜிலேபிக் கெண்டையில் தொடங்குங்கள். ஆப்பிரிக்காவிலிருந்து 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்த மீன் அது. நம் நீர்நிலைகளில் எங்கும் பரவிவிட்டது. ஆழமும் தேவையில்லை, தூரமும் தேவையில்லை. காலை வெயில் சாய்வாக விழும்போது கரையோரம் முழங்கால் ஆழத் தண்ணீரில் உற்றுப் பாருங்கள்: சேற்றுத் தரையில் தட்டு அகலத்துக்கு வட்ட வட்டமாகக் குழிகள் தெரியும், குழியின் நடுவில் பாசி துடைத்த வெளிர்மண் பளிச்சென்று இருக்கும். ஆண் மீன் வாயால் மண்ணை எடுத்துத் துப்பித் தோண்டிய குழி அது. கருத்த உடலும் சிவந்த துடுப்பு ஓரமுமாக அது குழியைச் சுற்றிச் சுற்றி வந்து, பக்கத்தில் வரும் எதையும் விரட்டும். மண்புழுவின் சிறு துண்டை 8-ஆம் எண் முள்ளில் கோத்துக் குழியோரம் இறக்கினால் தக்கை உடனே ஆடும். முட்டையையும் குஞ்சையும் வாயில் சுமக்கும் பெண் மீன் அந்த நாட்களில் பெரும்பாலும் தீனி எடுக்காது என்பதால், தூண்டிலில் வருவது அநேகமாக ஆணாகவே இருக்கும்.

பரிசல் வீட்டுப் பெண்

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் அப்பாவும் அண்ணனும் உரிமம் பெற்று மேட்டூர் நீர்த்தேக்கத்தில் வலை போடுகிறவர்கள். வெளியூரிலிருந்து விடுமுறைக்கு வருகிறவர்கள் மீன் பிடிப்பதில் எங்களுக்கு வருத்தம் ஏதும் இல்லை. ஆனால் சிலவற்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்.

முதலாவது, அனுமதி. நீர்த்தேக்கத்தில் மீன்பிடி உரிமை என்பது இடத்துக்கு இடம் வேறு: ஓரிடத்தில் மீன்வளத் துறை உரிமம் கொடுக்கும், வேறோரிடத்தில் சங்கமோ குத்தகைதாரரோ இருப்பார்கள். ஆகவே நீங்கள் போகும் நீர்நிலைக்குரிய மீன்வளத் துறை அலுவலகத்தில் கேட்டுவிட்டு வாருங்கள். கரையில் இருக்கும் மீனவர்களிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு உட்காருங்கள். கேட்டால் இடமும் காட்டுவார்கள், இரையும் கொடுப்பார்கள். கேட்காமல் உட்கார்ந்தால்தான் மனத்தாங்கல் வருகிறது.

இரண்டாவது, வலை. மாலையில் செவுள் வலையைக் கட்டிவிட்டுப் பொழுது விடிந்ததும் பரிசலில் போய் எடுப்போம். தண்ணீரில் வரிசையாகக் காலி பாட்டில்களோ தெர்மாகோல் துண்டுகளோ மிதந்தால் அங்கே வலை இருக்கிறது என்று பொருள். அந்தப் பக்கம் வீசி முள் மாட்டிக்கொண்டால் தயவுசெய்து வெடுக்கென்று இழுக்காதீர்கள், நரம்பை அறுத்துவிடுங்கள். போன கோடையில் கரையில் தூண்டில் போட்ட சிலர் எங்கள் வலையில் மாட்டிய முள்ளை இழுத்தே எடுக்கப் பார்த்ததில், ஆள் நீளத்துக்கு வலை கிழிந்தது. அப்பா அதை முடைந்து முடிக்க இரண்டு இரவு ஆனது. அந்த இரண்டு இரவும் வலை தண்ணீருக்குப் போகவில்லை.

மூன்றாவது, சினை. சித்திரை வைகாசியில் எங்களுக்குக் கிடைக்கும் பெரிய கெண்டைகளின் வயிறு புடைத்திருக்கும். ஆடியில் புதுவெள்ளம் வரும்போது அவை ஆற்றை எதிர்த்து ஏறி முட்டையிடும். எங்கள் வயிற்றுப்பாட்டுக்கு நாங்கள் வலை போடுகிறோம். அதற்கும் கண்ணி அளவு, உரிமம் என்று கட்டுப்பாடு உண்டு. விடுமுறைக்கு வருகிறவர்கள் வயிறு பெருத்த மீனைத் திருப்பி விட்டுவிட்டால் அது எங்களுக்குச் செய்யும் பெரிய உதவி. ஜிலேபியை எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாலக்கோட்டுக்காரர்

அம்மா, நீங்கள் எழுதியது எனக்கு மிகவும் பயன்பட்டது. வலையின் பக்கம் வீசமாட்டோம். வந்ததும் உங்கள் ஊர் மீனவர்களிடம் கேட்டுவிட்டே உட்காருவோம். சினை மீனைத் திருப்பி விடுவதென்றால் எப்படி விட வேண்டும்? முள் குத்திய மீன் பிழைக்குமா?

உள்நாட்டு மீன்வளம்

பிழைக்கும், கையாளும் முறையைப் பொறுத்து. முள் நுனியின் உட்புறம் பின்னோக்கி நிற்கும் சிறு கொக்கியை முன்னதாகவே இடுக்கியால் நசுக்கித் தட்டையாக்கிவிட்டால் வாயிலிருந்து சுலபமாகக் கழன்றுவிடும். கையை நனைத்துக்கொண்டுதான் மீனைத் தொட வேண்டும். உலர்ந்த கையும் சுடுமணலும் அதன் உடம்பிலுள்ள வழுவழுப்பை உரித்துவிடும், அந்த வழுவழுப்புதான் அதற்கு நோய்த்தடுப்பு. கோடையில் தண்ணீர் சூடாக இருப்பதால் நீண்ட நேரம் போராடவிட்டுக் களைப்படையச் செய்த மீன், விட்ட பிறகும் செத்துப்போகக் கூடும். ஆகவே மெல்லிய நரம்பில் வெகுநேரம் ஆட்டம் காட்டுவதைவிட, சற்றுத் தடித்த நரம்பில் விரைவாகக் கரைசேர்ப்பதே மீனுக்கு நல்லது. படம் எடுப்பதென்றால் தண்ணீரிலிருந்து தூக்காமலே எடுங்கள். தலை அலைப்பக்கம் இருக்குமாறு தண்ணீருக்குள் தாங்கிப் பிடித்து, தானாக வாலடித்துப் போகும் வரை பொறுத்திருங்கள்.

விரால் பற்றியும் சொல்லிவிடுகிறேன். கரையோரப் புல்லுக்கு நடுவே செம்மஞ்சள் நிறத்தில் குஞ்சுகள் கொத்தாக மேலே வந்து குமிழி விட்டுக் கீழே போவதைப் பார்த்தால், அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கின்றன என்று தெரிந்துகொள்ளுங்கள். அந்த நேரத்தில் எதைப் போட்டாலும் அவை பாய்ந்து கவ்வும். தீனிக்காக அல்ல, குஞ்சைக் காப்பதற்காக. பெற்ற மீன் போய்விட்டால் அந்தக் கொத்து முழுவதும் மற்ற மீன்களுக்கு இரையாகிவிடும். அங்கே தூண்டில் போடவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

மாறாக, ஆப்பிரிக்கக் கெளுத்தி சிக்கினால் திருப்பி விடாதீர்கள். நம் நாட்டில் வளர்க்கத் தடை செய்த மீன் அது. மற்ற மீன்களின் குஞ்சுகளைத் தின்று தீர்க்கும்.

ஓசூர்த் தூண்டில்

கட்லாவுக்கு இடம் பழக்க, தவிடும் புண்ணாக்கும் கலந்து பெரிய உருண்டைகளாக முதல் நாளே தண்ணீரில் போட்டுவைக்கும் பழக்கம் எங்களிடம் உண்டு. அதையும் முயலலாம்.

உள்நாட்டு மீன்வளம்

மழைக்காலத்தில் செய்யுங்கள், கோடையில் வேண்டாம் என்பேன். மீன் உண்ணாமல் விட்ட தவிடு அழுகும்போது அதுவும் ஆக்சிஜனைத்தான் குடிக்கிறது. ஏற்கெனவே குறைந்து நிற்கும் தண்ணீரில் கிலோக் கணக்கில் கொட்டுவது அந்தக் குடாவுக்கே கெடுதல். ஒரு கைப்பிடியை அவ்வப்போது தூவினால் போதும்.

பெண்ணாகரத்து வாசகர்

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஒகேனக்கல்லில் ஏன் போடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை. வீட்டில் நிச்சயம் யாராவது கேட்பார்கள் என்பதால் எழுதுகிறேன். அது ஏரி அல்ல, ஓடும் ஆறு. கர்நாடக அணைகளிலிருந்து திறந்துவிடும் தண்ணீர் வந்தால் மட்டம் விறுவிறுவென்று ஏறும். ஆற்றில் முதலைகளும் உண்டு. ஒகேனக்கல்லுக்கு மேலே உள்ள காவிரிக் காடுகள் 2022-இல் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயமாக அறிவித்த பகுதிக்குள் வருகின்றன; வனத் துறையின் அனுமதி இல்லாமல் அங்கே போகவே கூடாது. முதுகு உயர்ந்த மஹ்சீர் என்னும் காவிரி ஆற்று மீன் முற்றிலும் அழியும் நிலையில் இருப்பதாக 2018-இல் உலக அளவிலான பட்டியலில் சேர்ந்திருக்கிறது. அதன் வாழிடத்தைத் தொந்தரவு செய்யாமல் இருப்போம்.

மேலும், தோட்டா போட்டுப் பிடித்த மீனை யாராவது மலிவாகக் கொடுத்தால் வாங்காதீர்கள். வெடியும் நஞ்சும் கொண்டு மீன் பிடிப்பது 1897-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம். ஒரு வெடிக்குப் பெரிய மீனோடு அந்த மடுவின் குஞ்சு குருமான் அத்தனையும் மிதக்கும்.

பாலக்கோட்டுக்காரர்

நல்ல வேளையாகச் சொன்னீர்கள். ஒகேனக்கல் என்ற பேச்சு எங்கள் வீட்டில் உண்மையிலேயே எழுந்தது. இனி உணவைப் பற்றி. கிருஷ்ணகிரி அணை மீனைச் சாப்பிடலாமா? மேட்டூர் மீனில் மண்வாடை வரும் என்று என் மனைவி சொல்கிறார்.

உள்நாட்டு மீன்வளம்

கிருஷ்ணகிரி அணை மீனை ஊரே சாப்பிடுகிறது. ஆனாலும் நுரையோ இரசாயன வாடையோ உள்ள தண்ணீரில், அல்லது கெட்டிப் பாசிக்கு நடுவில் பிடித்த மீனை என் வீட்டில் நான் சமைக்க மாட்டேன்; குழந்தைகள் உள்ள வீடு என்றால் நிச்சயமாக மாட்டேன். தெளிந்த தண்ணீரில் பிடித்ததென்றால் குடலையும் செவுளையும் கரையிலேயே நீக்கிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்துவிடுங்கள். இந்த வெயிலில் வெறும் பையில் போட்டு வைத்தால் பாலக்கோடு போய்ச் சேருவதற்குள் கெட்டுவிடும்.

மண்வாடைக்குக் காரணம் மண் அல்ல. நீலப்பச்சைப் பாசியும் சிலவகை நுண்ணுயிர்களும் உண்டாக்கும் ஒரு பொருள் மீனின் சதையில் சேர்வதால் அந்த வாடை வருகிறது. புளிப்பில் அது சிதைந்துவிடும் என்பதால்தான் புளிக்கரைசலிலோ எலுமிச்சைச் சாற்றிலோ ஊறவைத்துக் கழுவும் வழக்கம் பலன் தருகிறது.

பரிசல் வீட்டுப் பெண்

எங்கள் வீட்டில் கல்லுப்பும் மஞ்சளும் போட்டுத் தேய்த்துக் கழுவி, புளித்தண்ணீரில் அரைமணி நேரம் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் குழம்புக்குச் சேர்ப்போம். வயிற்றின் உட்புறம் கருப்பாக ஒரு சவ்வு ஒட்டியிருக்கும். ஜிலேபியில் நன்றாகத் தெரியும். அதைக் கத்தி முனையால் வழித்துவிட வேண்டும். அது இருந்தால் எவ்வளவு புளி ஊற்றினாலும் கசப்பும் வாடையும் போகாது. உங்கள் வீட்டு அக்காவிடம் சொல்லுங்கள்.

நாகமரைக் கரை

குழந்தைகளின் பாதுகாப்பைப் பற்றி எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டே இருந்தேன். தண்ணீர் வடிந்த இடத்தில் வண்டல் மேலே காய்ந்து வெடித்திருக்கும், உறுதியான தரை என்றே தோன்றும். அடியில் இடுப்பளவு சேறு இருக்கலாம். மாடுகள் நடந்த தடம் இருந்தால் அதன் மேலேயே நடங்கள். தடம் இல்லாத இடத்தில் நீண்ட கோலால் குத்திப் பார்த்துவிட்டுப் பெரியவர்கள் முதலில் போகட்டும். பிள்ளைகள் இருவருக்கும் மிதவைச் சட்டை கட்டாயம் வேண்டும். மேட்டுச் சரிவில் ஆழம் சட்டென்று தொடங்கும் என்பதே அதற்குக் காரணம்.

கோடை மழை மாலையில் இடியோடுதான் வரும். தூரத்தில் முதல் இடி கேட்டவுடன் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு வண்டிக்குள் போய்விடுங்கள். இப்போது விற்கிற கரிநார் (கார்பன் ஃபைபர்) தூண்டில் கம்புகள் மின்சாரத்தைக் கடத்தும். வெட்டவெளிக் கரையில் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பது உயிருக்கு ஆபத்து. மின்கம்பி தாழ்வாகப் போகும் இடத்தில் கம்பை வீசுவதும் அவ்வாறே.

மேட்டூரில் குறுவைக்காக வழக்கமாக ஜூன் 12-இல் தண்ணீர் திறப்பார்கள். உங்கள் பயணம் அதற்குப் பிறகு தள்ளிப்போனால், மட்டம் நாளுக்கு நாள் இறங்குவதால் நேற்று நன்றாகப் பலித்த இடம் இன்று சேறாக இருக்கும். ஒவ்வொரு நாளும் புதிதாக இடம் தேட வேண்டியிருக்கும்.

அறுந்த நரம்பைக் கரையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள். நீர்க்காகமும் கொக்கும் காலில் சுற்றிக்கொண்டு பறக்க முடியாமல் சாவதை நாங்கள் அடிக்கடி பார்க்கிறோம்.

பாலக்கோட்டுக்காரர்

எல்லோரும் இவ்வளவு அக்கறையோடு எழுதியதற்கு நன்றி. வீட்டில் பேசி முடிவு செய்துவிட்டோம். முதலில் நாகமரைக்கு வந்து மீனவர்களிடம் கேட்டுவிட்டு, சரிவான கரையில் ஜிலேபிக்கு மட்டும் போடப் போகிறோம். தண்ணீர் மிகவும் இறங்கி நடை தூரம் கூடியிருந்தால் கிருஷ்ணகிரி அணைக்குத் திரும்பிவிடுவோம். கடைசியாக ஒன்று: கெளுத்தி தெரியாமல் சிக்கினால் பிள்ளைகள் கையை வைத்துவிடுவார்களே, என்ன செய்வது?

பரிசல் வீட்டுப் பெண்

கெளுத்தியின் முதுகிலும் இரு பக்கத் துடுப்புகளிலும் ஒவ்வொரு முள் இருக்கும். பயந்தால் அவற்றை விறைத்து நிறுத்திக்கொள்ளும். பிள்ளைகள் தொடாமல் உங்களைக் கூப்பிடட்டும். ஈரச் சாக்குத் துண்டால் மீனை மூடி, தலையைத் தரையோடு அழுத்திப் பிடித்து, நீண்ட மூக்குள்ள இடுக்கியால் தூண்டில் முள்ளைக் கழற்றுங்கள். கெளுத்தி வகையைச் சேர்ந்த தேளி மீன் குத்தினால் கடுப்பு அதிகம். தோல் வேகாத அளவுக்குப் பொறுக்கும் சூட்டில் வெந்நீர் எடுத்து, குத்திய இடத்தை அதில் அரைமணி நேரத்துக்கு மேல் வைத்திருந்தால் வலி அடங்கும். வீக்கம் கூடினாலோ முள் உள்ளே முறிந்திருந்தாலோ தாமதிக்காமல் ஏரியூரிலோ பெண்ணாகரத்திலோ மருத்துவரிடம் காட்டிவிடுங்கள். பிளாஸ்கில் வெந்நீரும் இடுக்கியும் கையோடு கொண்டு வாருங்கள். சாக்கு எங்கள் வீட்டிலேயே இருக்கிறது.